ஈரி ஏரி: தோன்றா எழுவாய்

2014 ஆகஸ்ட் தொடக்கத்தில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்கு மூன்று நாள் குடிக்கக் குழாய்த் தண்ணீர் இல்லை. ஈரி ஏரியில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு அதில் கலந்திருந்தது. காய்ச்சினால் இன்னும் செறியுமே தவிரப் போகாது. இதை ஏரி கெட்ட கதையாகவே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது சட்டம் மாசுக்கு வைத்த பெயரின் கதையாகவும் படுகிறது.

1960களிலேயே இதைச் 'செத்த ஏரி' என்றார்கள். அப்போது கைகாட்டப்பட்டவை ஆலை, சாக்கடை, சலவைத்தூள். 1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டன. சலவைத்தூளில் பாஸ்பரஸைக் குறைத்தார்கள். சுத்திகரிப்பு நிலையங்களில் பொதுப்பணத்தைக் கொட்டினார்கள். ஏரி மீண்டது.

அதே 1972இல் வந்த அமெரிக்கத் தூய நீர்ச் சட்டம்தான் மாசை இரண்டாக வகுத்தது: விடுமிடம் சுட்டக்கூடியது, சுட்டமுடியாதது. ஆலைக்குழாய் முதல் வகை, அதற்கு உரிமம் வேண்டும். வயலிலிருந்து மழையோடு வழியும் உரம் இரண்டாம் வகை; 1987 திருத்தம் அதை வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. தமிழ் படித்தவனுக்கு இது தோன்றா எழுவாய். உரம் 'வழிந்தது', அவ்வளவுதான். யார் வழியவிட்டது என்ற கேள்வியே எழாது. வேடிக்கை என்னவென்றால், மௌமி ஆற்றுப் படுகையின் ஒரு பகுதி 19ஆம் நூற்றாண்டில் வடிக்கப்பட்ட சதுப்பு நிலம். வயலுக்கடியில் வரிசைவரிசையாக வடிகுழாய்கள். மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் இட்ட பாஸ்பரஸில் கணிசமான பங்கு கரைந்து அதன் வழியாகவே ஓடைக்கு வருகிறது. இருக்கிற குழாய் சட்டத்தின் கண்ணில் குழாய் இல்லை!

ஆக, ஆலைக்கு ஒரு நீதி: கெடுத்தால் கட்டு. பண்ணைக்கு வேறு: கெடுக்காமலிருக்கக் காசு வாங்கிக்கொள். 2019இல் ஒஹையோ தொடங்கிய திட்டம், விரும்பிச் சேரும் விவசாயிக்குப் பணம் தருகிறது. விவசாயியைக் கூண்டிலேற்றுவது என் வேலையல்ல. 2005, 2007 சட்டங்கள் பெட்ரோலில் எத்தனால் கலக்கச் சொல்லி மக்காச்சோளத்துக்குச் சந்தை உண்டாக்கின. ஒரு கை விதைக்கத் தூண்டுகிறது, மறு கை வழிவதைக் குறைக்கக் கூலி தருகிறது. இரண்டும் ஒரே கஜானா இல்லை, ஆனால் ஒரே மக்களின் வரி. உரத்துக்கே வரி போடலாமே என்பார்கள். ஸ்வீடன் 1984இல் போட்டது, 2009இல் எடுத்துவிட்டது.

2019 பிப்ரவரியில் டொலிடோ மக்கள் வாக்களித்து ஏரிக்கே ஓர் உரிமைச் சாசனம் எழுதினார்கள். மறுநாளே ஒரு பண்ணை வழக்குப் போட்டது. 2020 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் சாசனத்தைத் தள்ளுபடி செய்தது. சொன்ன காரணம், வாசகம் தெளிவாக இல்லையாம். பாசி கோடைதோறும் வருகிறது. அதை வடிகட்டும் செலவு டொலிடோக்காரர்களின் தண்ணீர்க் கட்டணத்தில் ஏறுகிறது.