நீனா சிமோன்: முன்வரிசை இருக்கைகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ட்ரையான் என்றொரு சிற்றூர். 1940களின் மத்தியில் அவ்வூர் நூலகத்தில் ஒரு பியானோ கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. வாசிக்க அமர்ந்தவள் பன்னிரண்டு வயதை ஒட்டிய ஒரு கறுப்பினச் சிறுமி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய பெற்றோரை, வெள்ளையர்களுக்கு இடம் வேண்டுமென்று எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள். அதைக் கண்ட சிறுமி, அவர்கள் மீண்டும் முன்வரிசையில் அமர்ந்தாலொழிய வாசிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். பெற்றோர் திரும்ப அழைத்து வரப்பட்ட பிறகே கச்சேரி தொடங்கியது.

அச்சிறுமியின் பெயர் யூனிஸ் கேத்லீன் வேமன். உலகம் அவரை நீனா சிமோன் என்ற பெயரில் அறியும். தன் சுயசரிதையில் அவரே நினைவுகூரும் இந்நிகழ்ச்சியில், பின்னாளைய வாழ்க்கை முழுவதும் ஒரு விதையாக அடங்கியிருக்கிறது என்றே தோன்றுகிறது.

1933 பிப்ரவரி 21 அன்று, எட்டுக் குழந்தைகளில் ஆறாவதாகப் பிறந்தவர் யூனிஸ். தாய் மெதடிஸ்ட் திருச்சபையின் போதகர். பிழைப்புக்காக வெள்ளையர் வீடுகளில் வேலையும் செய்தார். மூன்று நான்கு வயதிலேயே குழந்தை கேட்ட பாடலைப் பியானோவில் வாசித்தது. விரைவிலேயே தேவாலய ஆராதனைகளில் வாசிக்கவும் தொடங்கியது. தாய் வேலை செய்த வீட்டு எஜமானி முதலில் பாடத்துக்குப் பணம் கொடுத்தார். பிறகு ஊரில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து அவள் பெயரில் ஒரு நிதி திரட்டினார்கள். ஆசிரியை மியூரியல் மாசனோவிச் இங்கிலாந்தைச் சேர்ந்த வெள்ளையர். அவர் பாக்கின் இசையை அறிமுகம் செய்துவைத்தார். அதன்பின் யூனிஸுக்கு ஒரே கனவுதான்: மேற்கத்திய செவ்வியல் இசை மேடையில் கறுப்பினப் பியானோ கலைஞராக அமர்வது.

1950 கோடையில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பயின்றார். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவிலுள்ள கர்ட்டிஸ் இசைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் வாசித்தார். மகளுக்காகக் குடும்பமே அந்நகருக்குக் குடிபெயர்ந்திருந்தது. இடம் கிடைக்கவில்லை. நிறமே காரணம் என்று அவர் இறுதிவரை நம்பினார். அவ்வாண்டு பியானோவுக்கு விண்ணப்பித்த 72 பேரில் 3 பேருக்கே இடம் கிடைத்தது என்பதைச் சுட்டி, இதை மறுப்பவர்களும் உண்டு. பின்னர் அவருக்குத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்த கர்ட்டிஸ் ஆசிரியர் விளாடிமிர் சொக்கொலாஃப் அவர்களில் ஒருவர். உண்மை எதுவாயினும் ஒன்றை மறக்கலாகாது. பெற்றோரின் இருக்கை பறிக்கப்பட்டதைக் கண்ணால் கண்ட பெண், இந்த மறுப்பை வேறெப்படிப் புரிந்துகொண்டிருக்க முடியும்? நிறவெறியின் கொடுமைகளில் இதுவும் ஒன்று. எது நியாயமான தோல்வி, எது அநீதி என்று பிரித்தறியும் உரிமையைக்கூட அது பறித்துவிடுகிறது.

பாடச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. 1954இல் அட்லாண்டிக் சிட்டியின் ஒரு மதுக்கூடத்தில் பியானோ வாசிக்கச் சேர்ந்தார். பாடவும் வேண்டும், இல்லையேல் வேலை இல்லை என்றார் உரிமையாளர். அதுவரை தன்னைப் பாடகியாக எண்ணியிராத யூனிஸ் பாடத் தொடங்கியது இப்படித்தான். மதுக்கூட இசை சாத்தானின் இசை என்று கருதும் தாய்க்குத் தெரியாதிருக்கப் பெயரை மாற்றிக்கொண்டார். நண்பர் ஒருவர் அழைத்த செல்லப்பெயர் நீனா. பிரெஞ்சு நடிகை சிமோன் சிஞோரேயிடமிருந்து எடுத்துக்கொண்டது சிமோன்.

அவரது இசையை ஜாஸ் என்று வகைப்படுத்துவதை அவர் விரும்பியதில்லை. காரணம் உண்டு. முதல் இசைத்தட்டிலுள்ள 'லவ் மீ ஆர் லீவ் மீ' என்ற காதல் பாட்டைக் கேளுங்கள். நடுவில் குரல் ஓய்ந்ததும் விரல்கள் பாக்கின் பாணிக்குத் தாவுகின்றன. ஒரு மெட்டு மற்றொன்றைத் துரத்த, இரண்டும் பின்னிக்கொண்டு வளர்கின்றன. கர்ட்டிஸ் ஏற்காத பயிற்சி மதுக்கூடப் பாட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் அந்த இசைத்தட்டின் உரிமையை அவர் 3,000 டாலருக்கு விற்றிருந்தார். அதிலிருந்த ஒரு பாட்டு 1987இல் ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தின் மூலம் ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்றது.

1963 ஏப்ரல் 12 அன்று கார்னகி ஹாலில் அவரது கச்சேரி நடந்தது. கனவு கண்டது போன்ற மேடைதான். வந்தது செவ்வியல் கலைஞராக அல்ல. அதே நாளில் பர்மிங்ஹாமில் மார்ட்டின் லூதர் கிங் கைது செய்யப்பட்டார். ஜூனில் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 15இல் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது. செய்தி கேட்ட நீனா, வீட்டிலிருந்த பொருள்களைக் கொண்டு துப்பாக்கி செய்ய முயன்றார். கொல்வதைப் பற்றி உனக்கு என்ன தெரியும், உன்னிடம் இருப்பது இசைதானே என்றார் கணவர் ஆண்ட்ரூ ஸ்ட்ரௌட்; அவர் முன்னாள் காவல்துறைத் துப்பறிவாளர். ஒரு மணி நேரத்துக்குள் 'மிஸ்ஸிஸிப்பி காட்டேம்' பிறந்தது. தலைப்பிலேயே வசைச்சொல், மெட்டோ இசை நாடகங்களின் துள்ளல் மெட்டு. சிரித்துக்கொண்டே கேட்கத் தொடங்குபவர் பாதியில் உறைந்துபோகிறார். தென்மாநில வானொலி நிலையங்கள் சில இசைத்தட்டை இரண்டாக உடைத்துத் திருப்பியனுப்பின.

1965இல் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்குச் சென்ற நடைப்பயணத்தினருக்காகப் பாடினார். 1966இல், நான்கு கறுப்பினப் பெண்கள் தங்களைப் பற்றித் தாங்களே பேசும் 'ஃபோர் விமன்' வெளிவந்தது. 34 வயதில் மறைந்த தோழி, நாடகாசிரியர் லொரேய்ன் ஹான்ஸ்பெரியின் நினைவாக 1969இல் அவர் மெட்டமைத்த பாடல் ஒரு தலைமுறைக் கறுப்பின இளைஞர்களின் கீதமாயிற்று. அதற்கு வரிகள் எழுதியவர் வெல்டன் இர்வின்.

இதற்கெல்லாம் விலை இருந்தது. கணவரின் அடிகளைப் பற்றி நீனாவே எழுதியிருக்கிறார். தாயிடம் தான் பட்ட அடிகளை மகள் லீசா 2015இல் வெளிவந்த ஆவணப்படத்தில் பேசுகிறார். 1970களில் அமெரிக்காவை விட்டு நீங்கி பார்படோஸ், லைபீரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து என்று அலைந்து பிரான்சில் தங்கினார். 1980களில் அவருக்கு இருமுனை மனநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவரைப் புனிதராக்குவது எளிது. ஆனால் அது அவரது துயரத்துக்கும், அவரால் துயருற்றவர்களுக்கும் செய்யும் அநீதி.

2003 ஏப்ரல் 21 அன்று தென்பிரான்சில் தன் 70ஆம் வயதில் காலமானார். அதற்கு இரண்டு நாட்கள் முன்புதான் கர்ட்டிஸ் இசைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளிக்கும் செய்தி எட்டியது. ட்ரையானில் அவர் பிறந்த மூன்று அறை வீட்டை, இடிபடாமல் காக்கும் பொருட்டு, நான்கு கறுப்பினக் கலைஞர்கள் 2017இல் 95,000 டாலருக்கு வாங்கினார்கள்.

கர்ட்டிஸ் மறுத்ததால்தானே நமக்கு நீனா சிமோன் கிடைத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்பவனுக்கு அது ஆறுதலாக இருக்கலாம்; அவருக்கு அப்படி இருந்ததில்லை. நமக்குக் கிடைத்த பாடல்களுக்கு நன்றியுடன் இருப்போம். ஆனால் யூனிஸ் வேமன் என்ற செவ்வியல் கலைஞரின் கச்சேரி, யாரும் கேளாமலே போன கச்சேரி, ஒன்று உண்டு. நீனாவின் விரல்கள் பாட்டின் நடுவே பாக்கை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதன் ஒரு துணுக்கு நம் காதில் விழுகிறது.