கொட்டியாரக் குடாவில் பிடிபட்டவனும் ஒரு தொப்பிக்கு வாங்கிய வேதாகமமும்

கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் முன்னால் விரிந்து கிடக்கிற கொட்டியாரக் குடாவை எங்களில் பலர் தினமும் பார்க்கிறோம். றொபேர்ட் நொக்ஸின் கதை தொடங்கியதும் இங்கேதான். பள்ளிக்கூடத்தில் 'கண்டி இராச்சியம் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்' எண்டு ஒரு வரியில் படித்துவிட்டுப் போய்விடுவோம். அவர் அந்தக் காலத்தை எப்படித் தாங்கினார் என்பதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் பாய்மரம் போய்விட்டது. அதைச் சரிசெய்யக் கொட்டியாரத்துக்கு வந்தார்கள். 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகனையும் சேர்த்துப் பதினாறு பேரைப் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டு போனார்கள். மகனுக்கு அப்போது 19 வயது. எங்களில் பலருடைய வயது!

அப்பாவும் மகனும் ஒரு கிராமத்தில் காய்ச்சலில் விழுந்தார்கள். 1661 பெப்ரவரியில் அப்பா இறந்தார். அடக்கத்துக்கு உதவி கேட்டபோது, மாடு கட்டும் கயிற்றைப் போட்டுப் பிணத்தைக் காட்டுக்கு இழுத்துப் போகலாம் எண்டார்கள் ஊரார். மகன் சம்மதிக்கவில்லை. கூலி கொடுத்து ஆள் பிடித்து, மரியாதையாகப் புதைத்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது இரண்டு பக்திப் புத்தகங்கள். கிட்டத்தட்ட மனப்பாடம் ஆகும்வரை அவற்றையே திருப்பித் திருப்பி வாசித்தார். ஹாபிழ்கள் வாழ்கிற ஊர் எங்கட ஊர். நூலை நெஞ்சில் வைத்திருப்பது எண்டால் என்ன என்பது எங்களுக்கு விளங்கும்.

ஒருநாள் ஓடையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் வந்தார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த நேரம் கிடைத்த புத்தகம் ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். பார்த்தால், ஆங்கில வேதாகமம்! திறந்த இடத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம்: சிறையில் பவுல், இரட்சிப்புக்கு வழி கேட்கும் சிறைக்காவலன். கையில் இருந்த ஒரே பொற்காசைக் கொடுக்கவும் நொக்ஸ் தயாராக இருந்தார். கடைசியில் தான் பின்னிய ஒரு தொப்பியோடு பேரம் முடிந்தது.

வேதாகமம் கிடைத்ததும் கதவு திறந்துவிடவில்லை. விடுதலைக்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன. தொப்பி பின்னினார், ஆடு பன்றி வளர்த்தார், நெல்லைக் கடன் கொடுத்தார், தப்பும் வழியையும் தேடிக்கொண்டே இருந்தார். 1679 ஒக்டோபரில் ஒரு நண்பரோடு காட்டுவழி நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். விசுவாசம் தந்த அமைதி அவரைச் சும்மா இருக்க விடவில்லை என்பதைக் கவனிக்க வேணும். விரக்தியில் உடைந்துபோகாமல் நாளை ஓட்டவும், ஓடவேண்டிய நேரம் ஓடவும் அது பலம் கொடுத்தது.

ஆனால் கதையை இங்கே நிறுத்தினால் அது பாதி உண்மைதான். 1681இல் புத்தகம் வெளியிட்டுப் புகழ்பெற்ற அதே நொக்ஸ், பிறகு கப்பல் தலைவராகி, மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கப் போனார். பத்தொன்பது வருடம் சிறைப்பட்டவர், அடுத்தவரைச் சிறைப்படுத்தும் வியாபாரத்துக்கு இறங்கினார்.

யுத்தமும் 2004 சுனாமியும் பார்த்த மண் இது. கஷ்டத்தில் எந்த மதத்துக்காரருக்கும் நம்பிக்கை ஆறுதல் தரும். அதைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. ஆனால் எங்கட காயம் ஆறின பிறகு, அடுத்தவரின் காயம் எங்கட கண்ணுக்குத் தெரிகிறதா? நொக்ஸுக்குத் தெரியவில்லை.