பேராசிரியர் லுடவைக்கும் நம் ஆங்கிலக் கல்வியும்

பிறமொழி கற்பவன் தன்மொழியை மறப்பான் என்று பெரியோர் சிலர் அஞ்சுவதுண்டு. தன்மொழியைக் கைவிட்டாலன்றிப் பிறமொழியில் வல்லவராதல் இயலாது என்று இளைஞர் சிலர் எண்ணுவதுமுண்டு. இவ்விரு கருத்துக்களையும் உரைத்துப் பார்ப்பதற்கேற்ற கட்டளைக்கல், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராய் விளங்கிய ஈ. எப். சி. லுடவைக் அவர்களின் பணியாகும்.

லுடவைக் 1906ஆம் ஆண்டு காலியிற் பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தவர். மெதடிஸ்த மிஷனரிமார் நிறுவிய றிச்மண்ட் கல்லூரியிற் பயின்றவர். கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியிற் கற்றபின் கேம்பிரிட்ஜ் சென்று, 1936இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆங்கிலப் பேராசிரியர் ஆசனத்தில் அமர்ந்த முதல் இலங்கையர் அவரே. அக்கல்லூரி 1942இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த பின்னும் அவர் பணி தொடர்ந்தது.

ஆசிரியர் சொன்ன குறிப்பை மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிப்பதை அவர் கல்வியென்று கொள்ளவில்லை. நூலைத் தானே நுணுகிப் படித்துத் தானே மதிப்பிடும் பயிற்சியை மாணவர்க்கு அளித்தார். நாடகமோ ஏட்டில் உறங்குவதன்று, மேடையில் வாழ்வது என்பது அவர் கொள்கை. ஆதலின் பல்கலைக்கழக நாடக சங்கத்தின் வாயிலாக பேர்ணாட் ஷா முதலியோரின் நாடகங்களை மாணவரைக்கொண்டே அரங்கேற்றினார். எனினும் அவற்றைக் கண்டு சுவைத்தோர் ஆங்கிலங் கற்ற சிறுதொகையினரே என்பதையும் நாம் மறத்தலாகாது.

அக்குறை நீங்கும் வழியும் அதே பல்கலைக்கழகத்திற் பிறந்தது. இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்ட தமிழறிஞர் க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பேச்சுமொழியிலேயே நாடகங்கள் இயற்றினார். அவருடைய ‘நானாடகம்’ 1940இல் நூலாக வெளிவந்தது. பின்னர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைச் செப்பனிட்டு, 1962இல் ‘கர்ணன் போர்’ முதலாகப் பேராதனை மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். 1956இல் சரச்சந்திர அவர்களின் ‘மனமே’ சிங்கள நாடகத்துக்குப் புதுவழி காட்டியது. ஒரே பல்கலைக்கழகத்தில் மூன்று மொழிகளும் நாடகம் வளர்த்தன.

லுடவைக் 1956இல் இலங்கையை விட்டு இங்கிலாந்து சென்றார். தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டே. ஒன்றை மற்றதற்குக் காரணமாக்குதல் தகாது. ஆயினும் மொழிகளுக்கிடையே சுவர் எழுந்த ஆண்டு அதுவென்பது தெளிவு. கடல் கடந்த பின்னரும் அவர் தாய்நாட்டை மறந்தாரல்லர். முன்னரே, 1948இல், மூதூரையடுத்த கொட்டியாரத்திற் பிடிபட்டுக் கண்டியரசிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸின் வரலாற்றைப் பதிப்பித்திருந்தார். இங்கிலாந்திலிருந்து ஷேக்ஸ்பியர் பற்றி எழுதியதோடு, 1962இல் இலங்கையின் கதையையும், 1966இல் அதன் நவீன வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1985இல் அவர் காலமானார்.

ஆகவே, பிறமொழி அவரை நாட்டினின்றும் பிரிக்கவில்லை. நாட்டைக் கூர்ந்து நோக்கும் கண்ணாடியாயிற்று. கணபதிப்பிள்ளைக்கோ இலண்டன் கல்வி யாழ்ப்பாணத்து முற்றத்துப் பேச்சின் அருமையை மறைக்கவில்லை. மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்ற என்போன்ற இளைஞர்க்கு இவ்விருவரும் ஒரே பாடத்தையே புகட்டுகின்றனர்.

கிராண்ட்பாஸில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் தமிழும் சிங்களமும் நம் செவியில் விழுகின்றன. அலுவலகத்திலோ ஆங்கிலம் காத்திருக்கின்றது. பெரியோர்களே, பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதை அஞ்சாதீர்கள். இளைஞர்களே, கற்ற ஆங்கிலத்தை வெறும் உத்தியோகச் சீட்டாக்காதீர்கள். அம்மொழியில் நல்லதொன்றைப் படித்தால், அதனைத் தமிழில் அயலவருக்குச் சொல்லுங்கள். நம்மைச் சூழ்ந்தோர்க்குப் பயன்படும்போதே நாம் கற்றது கல்வியாகும்.