அல்போன்சா மாம்பழத்துக்குள் வெள்ளைச் சதை: வெளியே தெரியாத 'சாகா' ஏன் வருகிறது?

ஆன்லைனில் டஜன் கணக்கில் ஆர்டர் செய்த அல்போன்சா வந்து சேர்கிறது. தோலில் கீறல்கூட இல்லை, வாசனை தூக்குது. ஆனா அறுத்தால், கொட்டையை ஒட்டிய சதை வெளிறிப்போய் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கிறது. சில பழங்களில் நடுவே பொந்துகள். வாயில் வைத்தால் புளிப்பு. 'ஏமாத்திட்டாங்க' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க விற்பவராலும் முடியாது.

மராத்தியில் இதன் பெயர் 'சாகா'. பூச்சியோ பூஞ்சையோ காரணமில்லை; பழம் வளரும்போது உள்ளே நடக்கும் உடலியல் கோளாறு இது. ரத்னகிரி, சிந்துதுர்க் உள்ளிட்ட கொங்கண் மாவட்டங்களின் அல்போன்சாவுக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பகுதி விவசாயிகளுக்கு 'சாகா' பழைய தலைவலி. 30 சதவீதம் வரை பழங்கள் பாதிக்கப்படலாம் என்கின்றன ஆய்வுகள்.

வெப்பமா, விதையா?

நீண்டகாலம் வெப்பத்தைத்தான் கைகாட்டினார்கள். கோடையில் சூடேறிய தரையிலிருந்து எழும் அனல் காய்களைத் தாக்குகிறது என்பது வாதம். மரத்தடியில் மூடாக்கு போட்டால் பாதிப்பு குறைகிறது, அதனால் இதில் உண்மை இருக்கு. ஆனா ஒரே மரத்தில் ஒரு பழம் நன்றாகவும் இன்னொன்று கெட்டும் இருப்பது ஏன்? பெரிய பழங்களிலும், மரத்திலேயே நன்றாக முதிர்ந்த பழங்களிலும் பிரச்சினை அதிகமாக இருப்பது ஏன்?

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2004-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வேறொரு பதிலை வைத்தார்கள்: விதை.

நெல், உளுந்து மாதிரி மாங்கொட்டை காய்ந்து உறங்கும் ரகம் அல்ல. ஈரம் குறையாமலே முதிர்ந்து, கீழே விழுந்ததும் முளைக்கத் தயாராக இருக்கும். 'சாகா' வரும் பழத்தில் அது விழும்வரை காத்திருப்பதில்லை. காய் மரத்தில் தொங்கும்போதே முளைப்புக்கான வேலையை உள்ளே தொடங்கிவிடுகிறது. அதற்குத் தண்ணீரும் சத்தும் வேண்டும். பக்கத்தில் இருப்பது சதைதான், அங்கிருந்து இழுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவது தடைபடுகிறது. அதனால்தான் கொட்டையைச் சுற்றிச் சேதம், தோல் பக்கம் சாதாரணம். வெப்பம் இந்த அவசரத்தைக் கூட்டுகிறது என்று எடுத்துக்கொண்டால், இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

விவசாயி என்ன செய்யலாம்?

முழுசா முதிரும் முன்பே பறிப்பது, பறித்த காயை வெயிலில் போடாமல் இருப்பது, மூடாக்கு. விதையின் அவசரத்தைத் தடுக்க 'அர்கா சாகா நிவாரகா' என்ற கலவையை அதே பெங்களூரு நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அறுவடைக்கு முன்பே பயன்படுத்த வேண்டும்.

ரகத்தையே மாற்றுவது இன்னொரு வழி. நம்ம ஊர் நீலத்தையும் அல்போன்சாவையும் கலந்து உருவான 'ரத்னா'வில் இந்தக் கோளாறு இல்லை. பங்கனப்பள்ளியோடு கலந்த 'அர்கா புனீத்'திலும் இல்லை. ஆனால் சந்தையில் பணம் 'அல்போன்சா' என்ற பெயருக்குத்தான். பல ஆண்டு வளர்ந்த மரத்தை வெட்டி வேறு ரகம் வைக்க யார் துணிவார்கள்?

வாங்குபவருக்கு: எக்ஸ்ரேயில் 'சாகா' தெரியும், கடையில் கையால் தடவினால் தெரியாது. கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மணமும் நிறமும் சரியாக உள்ள மீதிச் சதையைச் சாப்பிடலாம். பெரிய சைஸ் பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கும் முன், பெரிய பழத்தில்தான் 'சாகா' வாய்ப்பு அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.