காற்றின்மேல் அமர்ந்த கார்

முதல்நாள் மாலை வாயிலில் நிமிர்ந்து நின்ற புதுக் கார், மறுநாட் காலையில் ஒரு பக்கம் சரிந்து, உடற்பகுதி சக்கரத்தின்மேற் கவிழ்ந்து கிடக்கும். அமெரிக்காவிலே 1958ஆம் ஆண்டில், அதிக பணங் கொடுத்துக் காற்றுவில் பூட்டிய கார்களை வாங்கியவர் பலர் கண்ட காட்சி இது. காற்று எவ்வழியாற் போயிற்று என்பதற்குத் தடயம் ஒன்றும் இராது. எண்ணெய் ஒழுகினால் தரையிற் கறை படியும். காற்று ஒழுகினால் என்ன படியும்?

வண்டியைக் காற்றினால் தாங்குவது புதிய எண்ணமன்று. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ரொபேட் தொம்சன் 1845இலேயே காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1888இல் டன்லொப் அதனை மீண்டும் கண்டு பரப்பினார். ரயரில் அடைத்த காற்றை அச்சுக்கும் உடற்பகுதிக்கும் இடையிலும் அடைத்தால் என்ன என்ற கேள்வி அதன்பின் எழுந்தது இயல்பே. இரும்பு வில்லுக்கு ஒரு குறையுண்டு. வெறும் வண்டிக்கு இதமாய் அமைத்தால், ஆட்களும் பெட்டிகளும் ஏறியதும் பின்புறம் தாழும். பாரத்துக்கு ஏற்ப விறைப்பாய் அமைத்தால், வெறும் வண்டி குலுக்கி எடுக்கும். காற்றுப்பைக்கு இவ்விடர் இல்லை. பாரம் ஏறும்போது ஒரு வால்வு திறந்து மேலும் காற்றைச் செலுத்தும், இறங்கும்போது வெளியேற்றும். வண்டியின் உயரம் மாறாது.

இம்முறை முதலில் வெற்றி கண்டது பஸ் வண்டிகளிலேயாம். ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 1953இல் தன் நெடுந்தூரப் பஸ்களில் இதனைப் புகுத்தியது. பஸ்ஸிலே தடையை இயக்குவதற்கெனக் காற்றழுத்தி ஏற்கெனவே இருந்தது. பயணம் முடிந்ததும் டிப்போவிலே வண்டியைப் பார்க்கத் தொழிலாளர் இருந்தனர். இவ்விரண்டும் தனியார் காருக்கு இல்லை என்பதை அக்காலப் பொறியியலாளர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1957இல் வெளிவந்த கடிலாக் எல்டொராடோ புறூம் என்ற காரின் விலை 13,074 டொலர். கூரை துருப்பிடியா உருக்கினாலானது. உள்ளே வாசனைத் திரவியமும் வெள்ளிக் கிண்ணங்களுங்கூட வைத்திருந்தார்கள். நான்கு சக்கரங்களுக்கும் இரும்பு வில்லுக்குப் பதிலாகக் காற்று. இரண்டு ஆண்டுகளில் செய்யப்பட்டவை 704 வண்டிகளே. இவ்வளவில் நின்றிருந்தால் தீங்கு சிறிதாயிருக்கும். அடுத்த ஆண்டே செவர்லே, பொன்ரியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக் ஆகிய கார்களிலும் வெவ்வேறு பெயர்களோடு காற்றுவில் விற்பனைக்கு வந்தது. செவர்லேயில் அதற்கு மேலதிக விலை சுமார் 124 டொலர்.

பின் நிகழ்ந்ததைக் கூற அதிக நேரம் வேண்டியதில்லை. காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரம் நீராய்ப் பிரியும். வடபுலத்துக் குளிரில் அந்நீர் வால்வுகளில் உறையும். இணைப்புகளிலும் அடைப்பு வளையங்களிலும் கசிவு தோன்றும். பழுது பார்க்கும் இடங்களிலோ இதைப் பழகியவர் இல்லை. ஆதலால் காற்றுப் பொறியைக் கழற்றி எறிந்து சுருள்வில்லைப் பொருத்துவதே வழக்கமாயிற்று. கடிலாக் கம்பனியே அதற்கான உறுப்புகளை விற்றது. 1960க்குப் பின் அந்நிறுவனமும் காற்றுவில்லைக் கைவிட்டது.

ஜேர்மனியிலோ கதை வேறு. போர்க்வார்ட் கம்பனி தன் பெரிய காரில் இதனை அமைத்தது. ஆயின் 1961இல் அக்கம்பனியே வீழ்ந்தது. அதே ஆண்டில் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.ஈ. காற்றுவில்லோடு வந்தது; 1963இல் வந்த 600 என்ற பெருங்கார் 1981 வரை அவ்வாறே செய்யப்பட்டது. 1955இல் வந்த பிரெஞ்சு நாட்டுச் சித்ரோன் டி.எஸ். காரை இவற்றோடு சேர்த்தல் தவறு. அதிலே நைதரசன் வாயு உலோகக் குண்டுகளில் அடைபட்டிருக்கும், எண்ணெயே உயரத்தை மாற்றும்.

இப்பழைய கார்களைச் செப்பனிடுவோர் இன்றும் கையாளும் முதற் கருவி சவர்க்கார நீரே. பையையும் இணைப்புகளையும் அதனால் நனைத்தால், கசியும் இடத்தில் குமிழி எழும். றப்பர் முதலில் வெடிப்பது மடிப்பிலேயாம். அம்மடிப்போ வண்டி தாழ்ந்திருக்கையில் கண்ணுக்குப் படாது. ஆதலால் வண்டியை உயர்த்தி, காற்று நிறைந்த நிலையிலேயே பார்த்தல் வேண்டும். அவ்வேளையில் உடற்பகுதியை உறுதியான இரும்புத் தாங்கிகளில் நிறுத்தாது அடியிற் புகுவது உயிராபத்து. பை வெடித்தால் வண்டி ஒரு நொடியில் தரையில் அமரும்.

வெடிப்பு மடிப்பில் இருந்தால் ஒட்டுப்போடுவது வீண். பையும் ரயரைப் போன்று நூலும் றப்பரும் இணைந்தது. ஓயாது மடிந்து விரியும் இடத்தில் ஒட்டு நிலைக்காது. குற்றம் பையில் அன்றி வால்வில் இருப்பதும் உண்டு. பைக்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டு, மறுநாள் உயரத்தை அளந்தால் எதில் குற்றம் என்பது புலப்படும். சிறு கசிவுதானே என்று விடுவோர் பின்னர் காற்றழுத்தியையும் இழப்பர்; குறைந்த காற்றை நிரப்ப அது ஓயாது சுழன்று தேய்ந்துவிடும்.

1984இல் லிங்கன் கொன்ரினென்ரல் மார்க் 7 என்ற கார் மின்னணுக் கட்டுப்பாட்டோடு காற்றுவில்லை அமெரிக்காவிற்கு மீட்டுவந்தது. அதுவும் இப்போது பழைய கார். அதன் பைகளும் மடிப்பிலே வெடிக்கின்றன. புறூம் வண்டிகளைப் பேணுவோர் சிலர், முன்னொரு கால் பூட்டப்பட்ட சுருள்வில்லைக் கழற்றி, அவ்விடத்தில் மீண்டும் காற்றை நிரப்பி வருகின்றனர்.