ஒலிமாதிரி இசை: உலகக் கருவிகளும் குரல்களும்

ஒரு கருவியின் சுரத்தையோ ஒருவர் பாடிய வரியையோ பதிவுசெய்து, அந்தப் பதிவையே வேறோர் இசையமைப்புக்கு மூலப்பொருளாக எடுத்தாளும் முறை ஒலிமாதிரி இசை. ஒலிப்பதிவுக் கூடங்களில் இதைச் சாம்ப்ளிங் என்றும், வெட்டியெடுத்த துண்டைச் சாம்பிள் என்றும் சொல்கிறார்கள். ஜப்பானிய ஷாகுஹாச்சி, ஆர்மீனிய டுடுக், ஆப்பிரிக்கக் கலிம்பா, சிதார், தபலா, பல்கேரியப் பெண்களின் கூட்டுக்குரல் எனப் பல நாட்டு ஒலிகள் திரைப்படப் பின்னணி இசைக்கும் நடன அரங்குகளுக்கும் விளம்பரங்களுக்கும் பெருமளவில் இந்த வழியாகவே வந்துசேர்ந்தன. இந்த வரலாற்றை எந்திரங்களின் வரலாறாக எழுதுவதே வழக்கம். அது பாதிதான். பதிவுக்குள் இருக்கும் ஒலி யாரோ ஒருவருடைய மூச்சு, யாரோ ஒருவருடைய விரல். அவருடைய பெயர் எந்த இடத்தில் விடுபட்டது, யார் அதைத் தேடிச் சேர்த்தார்கள் என்பது மறுபாதி.

கம்பியும் நாடாவும்

பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர் 1948இல் ரயில் ஓசைகளை வெட்டி ஒட்டி அமைத்த இசையே தொடக்கம் என்று பல நூல்கள் குறிக்கின்றன. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கெய்ரோவில் ஹலீம் எல்-டப் என்ற எகிப்திய இளைஞர் இதைச் செய்திருந்தார். 1944இல் வானொலி நிலையத்திலிருந்து கனமான கம்பி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அவர் சென்றது ‘ஸார்’ சடங்குக்கு. ஆவி பிடித்தவர்களுக்காகப் பெண்கள் கூடிப் பாடி ஆடும் சடங்கு அது. அங்கே பதிந்த குரல்களை நிலையத்தின் எதிரொலி அறையில் மீண்டும் மீண்டும் ஓட்டி, அடிப்படைச் சுருதியை மழுக்கி, மேலெழும் மெல்லிய ஓசைகளை மட்டும் துலங்கச் செய்தார். அதிலிருந்து எஞ்சிய ஒரு சிறு பகுதி இன்றும் கேட்கக் கிடைக்கிறது. சொல் கரைந்துபோய்க் குரலின் நிழல் மட்டும் மிதப்பது போன்ற ஒலி. மின்னணு இசையின் மிகப் பழைய படைப்புகளில் ஒன்று ஐரோப்பிய ஆய்வகத்தில் பிறக்கவில்லை, கெய்ரோவின் சடங்குப் பாட்டிலிருந்து பிறந்தது என்பதை இந்தத் துறையின் வரலாற்றில் முதல் வரியாகவே எழுத வேண்டும்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஷ்டாக்ஹவுசன் 1966இல் டோக்கியோவின் என்.எச்.கே. வானொலிக் கூடத்தில் ‘டெலிமூஸிக்’ படைப்பை உருவாக்கினார். ஜப்பான், பாலி, வியட்நாம், ஹங்கேரி உள்ளிட்ட பல நாட்டு இசைப் பதிவுகள் அதில் மின்னணு ஒலியோடு கலந்தன. அவருடைய மாணவர் ஹோல்கர் சூகாய் 1969இல் வெளியிட்ட ‘கனாக்சிஸ்’ இசைத்தட்டில் வியட்நாமியப் பாடகிகளின் குரல் சுழல்நாடாவில் திரும்பத் திரும்ப வந்தது. பிற்காலத்தில் லூப் என்று பெயர்பெற்ற உத்திக்கு அது முன்மாதிரி.

இதற்கிடையே பதிவை விசைப்பலகையில் அடக்கும் முயற்சியும் நடந்தது. அமெரிக்காவின் ஹாரி சேம்பர்லின் தொடங்கிவைத்த கருவியை அடியொற்றி 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மெலட்ரான் உருவானது. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நாடாத் துண்டு. அழுத்தினால் ஓடும், சுமார் எட்டு நொடியில் தீர்ந்துவிடும். பீட்டில்ஸ் குழுவின் 1967ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் முகப்பில் வரும் புகழ்பெற்ற புல்லாங்குழல் ஒலி இதில் வாசித்ததே.

பிரையன் ஈனோவும் டேவிட் பைர்னும் 1981இல் வெளியிட்ட ‘மை லைஃப் இன் த புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்’ இசைத்தட்டு, பிறர் குரலையே முன்னணிப் பாடகராக நிறுத்தியது. லெபனானின் மலைநாட்டுப் பாடகி துன்யா யூனிஸின் குரலை அதில் கேட்கலாம். சாம்ப்ளர் எந்திரம் அவர்கள் கையில் இல்லை. ஒரு நாடாவில் இசை ஓட, இன்னொன்றில் குரலை ஓடவிட்டு, இரண்டும் பொருந்தும்வரை திரும்பத் திரும்ப முயன்றார்கள். அல்ஜீரிய முஸ்லிம்கள் குர்ஆன் ஓதும் பதிவைக் கொண்ட ஒரு துண்டு, எதிர்ப்பு எழுந்ததால் பிந்தைய பதிப்புகளில் நீக்கப்பட்டது. கேட்பவருக்கு இனிய ஓசையாகப் படுவது பாடுபவருக்கு வழிபாடாக இருக்கலாம் என்ற கேள்வி இசைத்தட்டுத் தொழிலுக்குள் அப்போதே நுழைந்துவிட்டது.

எண்மச் சாம்ப்ளர்கள்

சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் 1979இல் வெளியிட்ட ஃபேர்லைட் சி.எம்.ஐ., ஒலியை எண்களாக மாற்றி நினைவகத்தில் வைத்து விசைப்பலகையில் வாசிக்கவைத்த முதல் வணிகக் கருவிகளில் ஒன்று. எட்டு பிட் தரம்; ஒரு குரலுக்கு 16 கிலோபைட் நினைவகம்; ஒரு நொடியை ஒட்டிய அளவே பதிய முடியும். விலையோ சிலருக்கு மட்டுமே எட்டக்கூடியது. அதை முதலில் வாங்கியவர்களுள் ஒருவர் ஆங்கிலேயப் பாடகர் பீட்டர் கேப்ரியல். பல நாட்டு இசைக் கலைஞர்களை ஒரே மேடையில் கூட்டிய ‘வோமாட்’ விழாவைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரும் அவரே.

1984இல் அமெரிக்காவின் ஈ-மு நிறுவனம் கொண்டுவந்த எமுலேட்டர் 2 கருவியோடு ஒலிகள் நிறைந்த வட்டுகளும் வந்தன. அவற்றில் ஒன்றில் ஷாகுஹாச்சி இருந்தது. ஜப்பானில் ஜென் துறவியர் மூச்சுப் பயிற்சியாகவே வாசித்துவந்த மூங்கில் குழல் அது. வாசிப்பவர் பெயர் தெரியாத அந்த ஒற்றை ஊதல், 1986இல் கேப்ரியலின் ‘ஸ்லெட்ஜ்ஹேமர்’ பாடலின் முகப்பில் வந்து உலகெங்கும் ஒலித்தது. பிறகு எத்தனையோ பாடல்களிலும் விளம்பரங்களிலும் அதே ஊதல், அதே மூச்சுக்காற்று.

கேப்ரியலிடம் பாராட்டத்தக்க செயல் ஒன்றும் உண்டு. ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்’ திரைப்படத்துக்கு அவர் அமைத்த இசை 1989இல் ‘பேஷன்’ என்ற பெயரில் வந்தபோது, தமக்கு ஊற்றாக இருந்த ஆர்மீனிய, எகிப்திய, ஆப்பிரிக்க இசைப் பதிவுகளைத் தொகுத்து ‘பேஷன் - சோர்சஸ்’ என்று தனி இசைத்தட்டாகவும் வெளியிட்டார். கேட்பவர் மூலத்துக்கே போக அது வழிவிட்டது. அந்த வழக்கம் பரவியிருந்தால் அடுத்த பத்தாண்டின் வழக்குகள் பல நேர்ந்திருக்காது.

1988இல் வந்த அகாய் எஸ் 1000 போன்ற 16 பிட் கருவிகள் சாம்ப்ளரை நடுத்தரக் கூடங்களுக்கும் கொண்டுசேர்த்தன. 1991இல் ஏற்கப்பட்ட ஜெனரல் மிடி தரநிலை, எல்லாக் கருவிகளிலும் ஒரே எண்ணில் ஒரே ஒலி இருக்க வேண்டும் என்று 128 ஒலிகளை வரிசைப்படுத்தியது. அதில் 105 முதல் 112 வரையிலான எட்டு இடங்களுக்கு ‘எத்னிக்’ என்று பெயர்: சிதார், பாஞ்சோ, ஷாமிசென், கோட்டோ, கலிம்பா, பேக்பைப், ஃபிடில், ஷெனாய். பியானோ வகைக்கு மட்டும் ஒரு முழு எட்டு ஒதுக்கிய பட்டியலில், பல கண்டங்களின் மரபிசைக்கும் சேர்த்து ஓர் எட்டு. வீணைக்கோ நாகசுரத்துக்கோ மிருதங்கத்துக்கோ இடமில்லை. கணினி ஒலியட்டை முதல் கைபேசி அழைப்போசை வரை இந்தப் பட்டியலே ஆண்டதால், உலகக் கருவி என்றாலே இந்த எட்டுதான் என்ற எண்ணம் ஒரு தலைமுறை இசையமைப்பாளர்களிடம் ஊன்றிப்போனது.

அஃபுனக்வாவும் டிஃபாங்கும்

சாலமன் தீவுகளின் மலைட்டாவில் வாழும் பைகு மக்களிடையே, சுவிட்சர்லாந்தில் பிறந்த இசையியலாளர் ஹூகோ ஜெம்ப் 1970 வாக்கில் ஒரு தாலாட்டைப் பதிவுசெய்தார். பாடியவர் அஃபுனக்வா. பெற்றோரை இழந்து அழும் தம்பியை மூத்த பிள்ளை தேற்றுவதாக அமைந்த பாட்டு அது. யுனெஸ்கோ தொகுப்பின் இசைத்தட்டு ஒன்றில் 1973இல் வெளியானது.

1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சு இரட்டையர் அந்தக் குரலை எடுத்துத் தாளக்கட்டும் மின்னணு இசையும் சேர்த்து ‘ஸ்வீட் லல்லபை’ ஆக்கினார்கள். இசைத்தட்டு முழுவதும் மத்திய ஆப்பிரிக்காவின் பிக்மி மக்களைப் போற்றும் தோரணையில் அமைந்திருந்தது. அஃபுனக்வா பசிபிக் தீவுக்காரர். அவருடைய பெயர் எங்கும் இல்லை. பாட்டு உலகெங்கும் விற்றது, விளம்பரங்களிலும் ஒலித்தது. இந்தப் பயன்பாட்டுக்குத் தாம் ஒப்பவில்லை என்று ஜெம்ப் 1996இல் ஆய்விதழில் எழுதினார். அதே ஆண்டில் நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கர்பரெக், பாட்டின் மூலம் ஆப்பிரிக்கா என்றே நம்பி, இந்த மெட்டைப் ‘பிக்மி லல்லபை’ என்ற பெயரில் வாசித்து வெளியிட்டார். ஒரு பெயரை விட்டுவிட்டதில் ஒரு தாலாட்டின் தாய்நாடே மாறிப்போனது. இந்தப் பயணத்தை அமெரிக்க இசையியலாளர் ஸ்டீவன் ஃபெல்ட் 2000இல் எழுதிய கட்டுரை விரிவாகத் தொடர்ந்து காட்டுகிறது. இந்தத் துறையில் இறங்க விரும்பும் எவரும் முதலில் படிக்க வேண்டியது அது.

தைவானின் அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங், அவர் மனைவி இகாய் ஆகியோரின் கதை சற்று வேறாக முடிந்தது. 1988இல் அவர்கள் பிரான்சுக்குப் போய்ப் பாடியபோது பதிவான பாட்டைப் பாரிஸ் பண்பாட்டு நிறுவனம் ஒன்று குறுந்தகடாக வெளியிட்டது. எனிக்மா என்ற பெயரில் இயங்கிய மிக்கேல் கிரேட்டு அதை முறைப்படி உரிமம் பெற்றே ‘ரிட்டர்ன் டு இன்னசன்ஸ்’ பாடலில் பயன்படுத்தினார். ஆனால் உரிமம் கொடுத்தது நிறுவனம். பாடியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1996 அட்லான்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் அந்தக் குரல் ஒலித்தது. 1998இல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டு, பாட்டில் அவர்கள் பெயர் சேர்ந்தது. உரிமப் பத்திரம் இருப்பதும் பாடியவர் ஒப்புவதும் ஒன்றல்ல என்பதற்கு இந்த வழக்கே இன்றளவும் எடுத்துக்காட்டு.

தமிழ்த் திரையிசையும் சாம்பிள் ஆனதுண்டு. லண்டனின் ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. 2007இல் வெளியிட்ட ‘கலா’ தொகுப்பின் முதல் பாடலில் இளையராஜாவின் ‘தளபதி’ படப் பாடல் ஒன்று சாம்பிளாக வருகிறது. அதே தொகுப்பில் உறுமி மேளத்தின் முழக்கம் பாட்டின் முதுகெலும்பாகவே நிற்கிறது. அதற்கான வேலைகளில் ஒரு பகுதி சென்னையில் நடந்தது. இந்தித் திரையிசைக்கு வந்தால், 1981ஆம் ஆண்டின் ‘ஜோதி’ படத்துக்காக லதா மங்கேஷ்கர் பாடிய பாடலை அமெரிக்கப் பாடகி ட்ரூத் ஹர்ட்ஸ் 2002இல் ‘அடிக்டிவ்’ பாடலில் கையாண்டார். இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் பெயரைக் குறிக்காமல் அதை விற்கக்கூடாது என்று அடுத்த ஆண்டு அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

கருவித் தொகுப்புகளும் கமகமும்

1998இல் வந்த கிகாசாம்ப்ளர் மென்பொருள், ஒலியை நினைவகத்துக்குள் திணிக்காமல் வன்வட்டிலிருந்தே நேரடியாக ஓட்டியது. கொள்ளளவுத் தடை அதோடு நீங்கியது. 2002இல் கான்டாக்ட் என்ற சாம்ப்ளர் மென்பொருள் வந்தபின், ஒரே சுரத்தைப் பல அழுத்தங்களிலும் பல முறையும் பதிவுசெய்து, விசையை அழுத்தும் வேகத்துக்கேற்பப் பொருத்தமான பதிவை ஒலிக்கவைக்கும் பெருந்தொகுப்புகள் பெருகின. டுடுக், எர்ஹு, சரோட் என எல்லாமே கடையில் கிடைத்தன.

ஆனால் எல்லாக் கருவிகளும் சாம்பிளுக்கு ஒரே மாதிரி இணங்குவதில்லை. தம்பூராவைப் பாருங்கள்: நான்கு தந்திகள், மீட்டினால் கார்வை, அவ்வளவே. இன்று பல கச்சேரி மேடைகளில் கைபேசித் தம்பூராவே சுருதி சேர்க்கிறது. மிருதங்கத்தின் சொற்கள் தனித்தனி அடிகள் என்பதால் அவையும் ஓரளவு பிடிபடும். இடந்தலையில் மணிக்கட்டை அழுத்தி எழுப்பும் கும்கி மட்டும் நழுவும், ஏனென்றால் அந்த ஒலி பிறந்தபின்னும் கை அதை வளைத்துக்கொண்டே இருக்கிறது. நாகசுரத்திலும் வீணையிலும் சிக்கல் முற்றுகிறது. தோடி ராகத்தின் காந்தாரம் கமகத்தால் அசைந்துகொண்டே இருக்கும், ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினால் வருவது அசையாத காந்தாரம். பிச் பெண்ட் சக்கரத்தை உருட்டினால் பதிவு முழுவதும் மேலும் கீழும் இழுபடும். சீவாளியில் உதட்டின் அழுத்தம் மாறும்போது நாதத்தின் நிறமே மாறுகிறதே, அது வராது. ஆகவே சில தொகுப்புகள் தனிச் சுரங்களை விட்டுவிட்டு, கலைஞர் வாசித்த முழுச் சங்கதிகளையே துண்டுகளாகத் தருகின்றன. அவை உயிரோடு ஒலிக்கும். ஆனால் அந்தச் சங்கதி வாசித்தவருடைய கற்பனை. தொகுப்பை வாங்கிய நூறு பேரின் படங்களில் அதே கற்பனை எட்டிப்பார்க்கும்.

சுருதி அமைப்பும் இப்படித்தான். விசைப்பலகையும் மென்பொருளும் ஒரு ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டாகப் பிரிப்பதை இயல்பாகக் கொண்டவை. அரபு மகாமும் ஜாவாவின் கமெலானும் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்காதவை. ஈராக்கிய வேர் கொண்ட இசைக்கலைஞர் கயாம் அல்லாமி, மென்பொருள் வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய லெய்மா, அபோடமே என்னும் இலவசச் செயலிகள் 2021இல் பெர்லினின் சி.டி.எம். விழாவில் வெளியாயின. எந்தச் சுருதி அமைப்பையும் உலாவியிலேயே உருவாக்கி அதில் இசையமைக்க அவை உதவுகின்றன.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வாசித்தவரும் பாடியவரும் தம் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையை வெளிப்படையாக அளித்தது. பதிவை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் பாடலை எழுதியவருக்கும் பெரும்பாலான நாடுகளில் காப்பு உண்டு. எழுதியவர் யாரென்று அறியப்படாத மரபுப் பாட்டோ பொதுச்சொத்தாகக் கருதப்படுகிறது. அஃபுனக்வாவின் தாலாட்டைப் போன்றவை இன்னும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. மரபுப் பண்பாட்டு வெளிப்பாடுகளைக் காக்க உலக அறிவுசார் சொத்து அமைப்பு 2000இல் நிறுவிய குழு தொடர்ந்து கூடிவருகிறது. அதே குழு கையாண்ட மரபணு வளங்கள் பற்றிய உடன்படிக்கை 2024 மே மாதத்தில் நிறைவேறியது. பாட்டுக்கும் இசைக்குமான உடன்படிக்கை அப்போது பேச்சுவார்த்தையைத் தாண்டியிருக்கவில்லை.