5.50 வண்டி

போன வாரம் உங்களை, கனடாவில் டொரன்டோவுக்கு மேற்கே இருக்கும் ஓக்வில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், விடிந்தும் விடியாத வேளையில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நியாயம்தான். வாருங்கள், வண்டி கிளம்புவதற்குள் போய்விடலாம்.

1967 மே 23. செவ்வாய்க்கிழமை.

முந்தின நாள் விக்டோரியா தினம். சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் லீவு. ஏரிக்கரைக்குப் போனவர்கள், வீட்டுத் தோட்டத்தில் மண்வெட்டியோடு மல்லுக்கு நின்றவர்கள், எல்லோரும் அலுப்போடு வேலைக்குத் திரும்பும் முதல் காலை. இப்படியொரு நாளிலா புது ரயிலை விடுவார்கள்?

விட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சாமர்த்தியம்கூடத் தெரிகிறது. லீவு முடிந்த மறுநாள் காலையில்தான் ஸ்டீயரிங்கைத் தொடவே கை கூசும்.

தண்டவாளத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பெட்டிகள். வடக்கே ஃபோர்ட் வில்லியம் தொழிற்சாலையில் செய்து வந்தவை. டீசல் எஞ்சின்கள் லண்டனில் பிறந்தவை. இங்கிலாந்து லண்டன் அல்ல. ஒன்டாரியோ மாகாணத்துக்குள்ளேயே ஒரு லண்டன் உண்டு. மாகாண முதல்வர் ஜான் ராபார்ட்ஸை சட்டமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர் அது. நான் எதுவும் சொல்லவில்லை. ஊர்ப் பெயரை மட்டும்தான் சொன்னேன்.

ராபார்ட்ஸ் ரயில் பித்தர் இல்லை. நெடுஞ்சாலை போட்டே ஓட்டு வாங்கிய கட்சியின் தலைவர். கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்து யோசிக்கிற மனிதர். 1965-இல் இந்த ரயிலை அறிவித்தபோது அவர் மனதில் ஓடியது என்ன?

சாலைதான்.

டொரன்டோவுக்கு மேற்கேயும் கிழக்கேயும் வீடுகள் பெருகுகின்றன. வீட்டுக்கு ஒரு கார். அத்தனை காரும் காலை எட்டு மணிக்கு நகரத்தின் அடிமடிக்குள் நுழையப் பார்க்கின்றன. சாலையை அகலப்படுத்தினால் அகலப்படுத்திய அளவுக்குக் கார் வருகிறது. மறுபடி அகலப்படுத்த வேண்டும். அதற்கு நிலம் வேண்டும், பாலம் வேண்டும், பணம் வேண்டும். ஆனால் ஏரிக்கரையை ஒட்டி, நகரத்தின் நெஞ்சு வரைக்கும், தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது!

கிடக்கிறதுதான். ஆனால் அதில் சரக்கு ரயில்கள் அடைத்துக்கொண்டு நின்றனவே?

இங்கேதான் கனடியன் நேஷனல் கம்பெனி தன் காயை நகர்த்தியது. நகரத்துக்கு வடக்கே பிரம்மாண்டமான சரக்கு யார்டு ஒன்றைக் கட்டி 1965-இல் திறந்தது. சுற்றுப்பாதை போட்டுச் சரக்கு வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. ஏரிக்கரைப் பாதை மூச்சுவிட ஆரம்பித்தது. காலியான பாதையை அரசாங்கம் வாடகைக்குக் கேட்கிறது. பெட்டியும் எஞ்சினும் அரசாங்கத்துடையவை. நஷ்டம் வந்தால் அதுவும் அரசாங்கத்துடையது. பாதை கொடுத்து, ஆள் போட்டு ஓட்டித் தர வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கம்பெனி வேண்டாம் என்று சொல்லும்?

இன்னொரு வேடிக்கை. இந்த ரயிலை நடத்தும் பொறுப்பு எந்தத் துறையிடம் போனது தெரியுமா? நெடுஞ்சாலைத் துறையிடம்.

சாலை போடுகிறவர்களே சாலையைக் காலி செய்ய ரயில் விடுகிறார்கள். அதுவும் மூன்று வருடப் பரிசோதனையாக. பலித்தால் ஓடும். பலிக்காவிட்டால் மூட்டை கட்டிவிட்டு மறுபடி தார் காய்ச்சப் போய்விடலாம்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அதிகாரிகளின் நிலைமை, இலை போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கல்யாண வீட்டுக்காரரின் நிலைமை.

வருவார்களா?

ஓக்வில்காரர்களை நினைத்துப் பாருங்கள். ஃபோர்டு கம்பெனியின் கார் தொழிற்சாலை இருக்கும் ஊர் அது. ரயில் போய் முடியும் கிழக்கு முனை பிக்கரிங். அதையும் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஆஷவா, ஜெனரல் மோட்டார்ஸின் கோட்டை. இரண்டு கார் சாம்ராஜ்யங்களுக்கு நடுவே ஒரு ரயிலை விட்டு, "காரை விட்டுவிட்டு வா" என்று அழைக்கிறார்கள்! துணிச்சலா, பைத்தியக்காரத்தனமா?

மணி 5.50.

வண்டி நகர்ந்தது.

ஒன்டாரியோ அரசாங்கமே சொந்தமாக விட்ட முதல் புறநகர் ரயில், டொரன்டோ யூனியன் ஸ்டேஷனை நோக்கி. சூரியன் அப்போதுதான் தலை காட்டியிருக்கும், நேர் எதிரே, கிழக்கில். கிளார்க்ஸன். போர்ட் கிரெடிட். லாங் பிராஞ்ச். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறக்கிறது. வலது கைப் பக்கம் வீடுகளுக்கு அப்பால் ஒன்டாரியோ ஏரி. இடது கைப் பக்கம், சற்றுத் தள்ளி, நெடுஞ்சாலை. அங்கே நேற்றுவரைக்கும் கியர் மாற்றிக்கொண்டிருந்தவர் இங்கே கால் நீட்டிப் பத்திரிகை படிக்கலாம்.

அந்தப் பயண நேரத்தில் பயணி மனதில் நடந்ததுதான் இந்தக் கதையின் நாடி என்று எனக்குத் தோன்றுகிறது. கொள்கைக்காக யாரும் காரை விடுவதில்லை. சுற்றுச்சூழலுக்காக என்று 1967-இல் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் பார்த்தது மூன்றே விஷயம். சொன்ன நேரத்துக்கு வருகிறதா? உட்கார இடம் இருக்கிறதா? சாயங்காலம் திரும்பி வர வண்டி உண்டா?

இந்த மூன்றாவது கேள்வியில்தான் பழைய ரயில்கள் தோற்றன. காலையில் ஒன்றிரண்டு, மாலையில் ஒன்றிரண்டு. தவறவிட்டால் கதி கிடையாது. இந்தப் புது ரயில் ஓக்வில்லுக்கும் பிக்கரிங்குக்கும் நடுவே பகல் முழுக்க ஓடும் என்று அறிவித்திருந்தார்கள். மத்தியானம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தாலும் வீடு திரும்பலாம். ஓர் எஞ்சினை ஒரு முனையிலேயே வைத்து, போகும்போது இழு, வரும்போது தள்ளு என்று ஏற்பாடு. முனையில் எஞ்சினைக் கழற்றித் திருப்பி மாட்டும் வேலை இல்லை. வந்த வேகத்தில் திரும்பலாம்.

யூனியன் ஸ்டேஷன். கதவுகள் திறந்தன.

இங்கே பயணிக்குச் சிரமமே இல்லை. வெளியே வந்தால் அலுவலகக் கட்டடங்கள். அவை எட்டவில்லையா? பக்கத்திலேயே சுரங்க ரயில், 1954 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. நகர முனையில் கதை சுபம்.

வந்தார்களா என்றுதானே கேட்கிறீர்கள்?

வந்தார்கள். முதல் நான்கே மாதத்தில் பத்து லட்சம் பயணம். வெகு சீக்கிரம் நாளொன்றுக்குச் சராசரி 15,000. மூன்று வருடப் பரிசோதனை என்ற பேச்சை மெல்ல எல்லோரும் மறந்தே போனார்கள். இன்றைக்கு ஸ்கார்பரோவில் கில்ட்வுட்டிலோ ரூஜ் ஹில்லிலோ நின்று யூனியனுக்கு வண்டி ஏறும் நம் யாழ்ப்பாணத்து உறவுகள், அந்தப் பாதையில்தான் போகிறார்கள்.

சுபம் போட்டுவிடலாமா?

பொறுங்கள். நகர முனை சரி. வீட்டு முனை?

அந்த 5.50 வண்டிக்கு வந்தவர் ஸ்டேஷனுக்கு எப்படி வந்தார்? காரில்! ஸ்டேஷன் வாசலில் இலவசமாக நிறுத்த இடம் கொடுத்திருந்தார்கள். காலையில் விட்டுப் போன கார் மாலை வரைக்கும் அங்கேயே வெயில் காய்கிறது. நெடுஞ்சாலைக்குப் போகாத கார்கள் எல்லாம் ஸ்டேஷன் வாசலில் வந்து குந்திக்கொண்டன. இடம் போதவில்லை என்றால் என்ன செய்வது? இன்னும் கொஞ்சம் நிலம், இன்னும் கொஞ்சம் தார். ராபார்ட்ஸ் தப்பிக்க நினைத்த அதே வலை, வேறு வாசல் வழியாக.

வீட்டில் இருப்பவரின் பக்கமும் கேட்க வேண்டாமா? ஒரே கார் உள்ள வீடு. கணவர் அதை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டுப் போய்விட்டால் மனைவி நாள் முழுக்க வீட்டுக்குள் கைதி. அல்லது விடியற்காலையில் குழந்தைகளை எழுப்பிப் பின்சீட்டில் போட்டு, அவரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மாலையில் மறுபடி போய்க் காத்திருக்க வேண்டும். இரண்டாவது கார் வாங்கினால் தீரும். ரயிலில் போவதற்காக ஒரு கார் வாங்குவதா!

பஸ் விடலாமே என்பீர்கள். பிக்கரிங் ஸ்டேஷனை ஒட்டி பே ரிட்ஜஸ் என்றொரு குடியிருப்பு. அங்கே போய்ப் பாருங்கள். தெருக்கள் நேராக ஓடாது. வளையும், நெளியும், முட்டுச்சந்தில் முடியும். தெருவுக்கு இரண்டு பேர், மூன்று பேர். பெரிய பஸ்ஸை அதற்குள் சுற்றவிட்டால் முதல் வீட்டில் ஏறியவர் ஊரையே வலம் வந்து ஸ்டேஷனைச் சேருவார். நடந்தே போயிருக்கலாம் என்று மறுநாள் காரை எடுத்துவிடுவார். பகலில் அதே பஸ் காலியாக உறுமிக்கொண்டு திரியும்.

அப்போதுதான் நெடுஞ்சாலைத் துறைக்குள் ஒரு விசித்திர யோசனை எழுந்தது.

பாதையே இல்லாத பஸ். நிறுத்தமே இல்லாத பஸ்.

வீட்டிலிருந்து போன் செய். "இன்ன தெரு, இன்ன எண், இந்த ரயிலுக்குப் போக வேண்டும்" என்று சொல். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் வயர்லெஸ்ஸில் டிரைவருக்குச் சொல்வார். சின்ன வேன் ஒன்று உன் வாசலுக்கே வரும். இன்று நாம் கைபேசியில் தட்டி வண்டி வரவழைக்கிறோமே, அதையே கைபேசியும் வரைபடச் செயலியும் இல்லாத காலத்தில், ஒரு தொலைபேசியையும் ஒரு மனிதர் மூளையையும் வைத்துச் செய்யத் துணிந்தார்கள்.

டாக்ஸிக்கு ஒருவர்தான் எஜமானர். இங்கே வேன் நிறைய எஜமானர்கள். எல்லோருக்கும் ஒரே ரயில். ரயில் யாருக்காகவும் நிற்காது.

1970 ஜூலை. பே ரிட்ஜஸ் தெருக்களில் வேன்கள் இறங்கின.

ஒரு காலையைக் கற்பனை செய்யுங்கள். ரயிலுக்கு இன்னும் பதினைந்தே நிமிடம். வேனுக்குள் நான்கு பேர், ஆளுக்கொரு முறை கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். டிரைவர் ஸ்டேஷன் பக்கம் வண்டியைத் திருப்பப் போகிறார். வயர்லெஸ் கரகரக்கிறது.

"இன்னும் ஒருவர். ஊரின் மறு கோடி. இதே ரயில்தான்."

திரும்பினால் நான்கு பேருக்கும் ரயில் போகலாம். திரும்பாவிட்டால் ஐந்தாவது ஆள் நாளைக்கே இரண்டாவது கார் வாங்கக் கிளம்பிவிடுவார்.

டிரைவர் எந்தப் பக்கம் ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும்? அதை முடிவு செய்ய அலுவலகத்தில் இருந்தவர் வைத்திருந்த விதி என்ன?

அடுத்த வாரம்.

(தொடரும்)